‘குற்றம்’ என்னும் சொல்லும் உடன்பிறந்தார் பூசலும்: ஒரு வழக்குத் தொடரை முன்வைத்து

சட்டம் ஒரு செயலுக்கு இடும் பெயரும் அறம் அதற்கு இடும் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டை வழக்கறிஞர்களான உடன்பிறந்தார் இருவரின் பூசல் வழியே காட்டும் படைப்பு ‘பெட்டர் கால் சால்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகும். வின்ஸ் கில்லிகன், பீட்டர் கூல்ட் ஆகியோர் உருவாக்கிய இத்தொடர் 2015 முதல் 2022 வரை ஆறு பருவங்களாக, 63 பகுதிகளில் ஒளிபரப்பாயிற்று. இதன் அறச்சிக்கல் உரையாடலின் சில சொற்களைச் சார்ந்து நிற்பதால், தமிழில் இதனைப் பெயர்ப்போர் சந்திக்கும் இடர்ப்பாடு கதையின் மையத்தையே தொடுகிறது. உறவுச்சொல், பொறுப்பு, குற்றம் ஆகிய மூன்றின் வழி அவ்விடர்ப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பூசலின் இயல்பு

மூத்தவர் சக் மக்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் பெரும் சட்ட நிறுவனம் ஒன்றின் நிறுவனர்களுள் ஒருவர். இளையவர் ஜிம்மி, சிறு ஏமாற்று வேலைகளில் நாள் கழித்தவர். சிறையிலிருந்து அண்ணனால் மீட்கப்பட்டு, அவர் நிறுவனத்தின் அஞ்சற் பிரிவில் பணியாற்றிக்கொண்டே அஞ்சல்வழிக் கல்வியில் சட்டம் பயின்றவர். மின்சாரம் உடலை வருத்துவதாக நம்பி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அண்ணனுக்கு நாள்தோறும் உணவும் நாளிதழும் பனிக்கட்டியும் கொண்டுசேர்ப்பவரும் அவரே. அத்தம்பியைத் தம் நிறுவனத்தில் வழக்கறிஞராகச் சேரவிடாமல் மறைவாகத் தடுத்தவர் சக் என்பது முதற் பருவத்தின் இறுதியில் வெளிப்படுகிறது.

தமிழில் உடன்பிறந்தார் பூசல் என்றவுடன் ‘பங்காளிச் சண்டை’, ‘தாயாதிக் காய்ச்சல்’ ஆகிய வழக்குகள் நினைவுக்கு வரும். இவை சொத்துரிமையை அடியாகக் கொண்டவை. இத்தொடரில் பங்கிடப்படுவது சொத்தன்று. வழக்கறிஞர் என்னும் பெயருக்குத் தகுதியானவர் யார், தாயின் அன்பு யாருக்குரியது என்னும் இரண்டுமே வழக்கின் பொருள்கள். தாய் இறக்கும் தறுவாயில் அழைத்தது, அவ்வேளை வெளியே சென்றிருந்த இளைய மகனின் பெயரை. அருகிலிருந்த சக் அதனைத் தம்பியிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார். ஆகவே ‘பங்காளி’ என்னும் சொல் பெயர்ப்பில் நுழைந்தால் பூசலின் வேர் இடம் மாறிவிடும்.

2. உறவுச்சொல்லும் விளியும்

ஆங்கிலத்தின் உறவுச்சொல் மூப்பு இளமை காட்டுவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பெயரிட்டே அழைக்கின்றனர். தமிழோ ‘அண்ணன்’, ‘தம்பி’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அண்ணன் என்றவுடன் தந்தைக்கு நிகரான கடமை ஒன்றும் உடன் வருகிறது. இது மூலத்தில் வெளிப்படையாக இல்லாத அறக்கோரிக்கையாகும்.

இதன் விளைவு மூன்றாம் பருவத்து ஒழுங்கு விசாரணையில் (2017) தெளிவாகும். அண்ணன் வீட்டுக்குள் புகுந்து ஒலிநாடாவை அழித்ததற்காக நிறுத்தப்பட்ட ஜிம்மி, சாட்சிக் கூண்டில் அமர்ந்த அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்கிறார். அவர் சட்டைப்பைக்குள் மின்கலம் ஒன்றை அவரறியாமல் இடச்செய்து, நோய் உடலைச் சார்ந்ததன்று என நிறுவுகிறார். இங்கு ‘அண்ணா’ என்னும் விளி இடம்பெற்றால் ஒவ்வொரு வினாவும் கெஞ்சலாக ஒலிக்கும். ‘நீங்கள்’ என்பது மட்டும் நின்றால் உறவு மறைந்து சாட்சி மட்டுமே எஞ்சும். இல்லக் காட்சிகளில் ‘அண்ணா’ என்றே எழுதி, விசாரணையில் அதனை நிறுத்திவிடுவது பொருந்தும். மூலத்தில் நடிப்பு உணர்த்தும் விலகலை அவ்விடத்து விளியின் இன்மை உணர்த்தும்.

3. பொறுப்பு

தமிழில் ‘பொறு’ என்னும் வினையடி சுமத்தல், தாங்கிக்கொள்ளுதல், மன்னித்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும். ‘பொறுப்பு’ இவ்வடியிற் பிறந்ததே. நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் (2018) இத்தொடர்பு பெரிதும் பயன்படும். தொழிற்காப்பீட்டுச் சிக்கலையொட்டிச் சக்கை நிறுவனத்திலிருந்து வெளியேற்றிய ஹவர்ட் ஹாம்லின், அவர் தற்கொலைக்குத் தாமே காரணம் என்று கலங்குகிறார். காப்பீட்டு நிறுவனத்திடம் அண்ணனின் நிலையைச் சொல்லி அச்சிக்கலைத் தொடங்கிவைத்தவர் ஜிம்மி. அவர் தம் பங்கைச் சொல்லாமல், பாரம் முழுவதையும் ஹவர்ட்டின் தோளில் விட்டுவிட்டு, இயல்பாகக் காப்பி தயாரிக்கச் செல்கிறார். மூலத்தின் மரபுத்தொடர் சிலுவையைச் சுட்டுவது. தமிழில் ‘பொறுக்க வேண்டியவர் நீங்கள்’ என்னும் போக்கில் அமைத்தால் சுமையும் பொறுப்பும் ஒரு சொல்லிலேயே கிட்டும்.

அப்பருவத்தின் முடிவில், உரிமத்தை மீட்பதற்காக அண்ணனை நினைந்து குழுவின் முன் கண்ணீர் விடுகிறார் ஜிம்மி. வென்றபின் அது நடிப்பென வெளிப்படுகிறது. இரங்கற் சொற்கள் யாவும் இங்கே செலவழிந்துவிடுகின்றன. பிற்பாடு உண்மையாக வருந்த நேரும்போது அவரிடம் எஞ்சியிருப்பவை மிக எளிய சொற்களே. பெயர்ப்பாளர் அங்கு நடையை உயர்த்துவது பிழையாகும்.

4. குற்றம்

இறுதிப் பகுதியில் (2022), ஏழாண்டுத் தண்டனைக்கு உடன்பாடு பெற்றிருந்த ஜிம்மி, நீதிமன்றத்தில் அனைத்தையும் தாமே ஒப்புக்கொண்டு 86 ஆண்டுத் தண்டனையை ஏற்கிறார். அவ்வாக்குமூலத்தில் அண்ணனுக்கு இழைத்ததும் அடங்கும். உடனிருந்த வழக்கறிஞர், அது சட்டத்தின் பார்வையில் குற்றமே அன்றே என வியக்கிறார். ஜிம்மியின் மறுமொழி, அது குற்றமே என்பது. சட்டக் கலைச்சொல் ஒன்று அறச்சொல்லாக விரியும் இவ்விடமே தொடரின் உச்சம்.

தமிழில் இவ்விரிவு நிகழ இடமில்லை. ‘குற்றம்’ முன்னரே விரிந்த சொல். திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ அதிகாரம் செருக்கையும் சினத்தையும் குற்றமெனக் கொள்கிறது. அவை எந்த நீதிமன்றத்திலும் தண்டனைக்குரியன அல்ல. எனவே நேரே பெயர்த்தால் வழக்கறிஞரின் வியப்பு பொருளற்றதாகத் தோன்றும். ‘தவறு’ என்பது செயலை இலேசாக்கும். ‘பாவம்’ சமயத்தைக் கொணர்வதோடு இரக்கக் குறிப்பாகவும் ஒலிக்கும். வழக்கறிஞர் கூற்றில் ‘சட்டப்படி’ என்னும் அடையைச் சேர்த்து, விடையில் அவ்வடையை நீக்கி, ‘குற்றந்தான்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் நிறுத்துவதே தக்கது. மூலத்தில் சொல் விரிகிறது. தமிழில் சொல்லைக் குறுக்கிய அடை உதிர்கிறது. விளைவு ஒன்றே.

இங்கு எச்சரிக்கையும் தேவை. ஜிம்மி ஏற்பது கொலைப்பழியை அன்று. புண்படுத்த வாய்ப்புக் கிடைத்தபோது அதனைப் பயன்படுத்திக்கொண்டதையே. தம்பி தமக்கு என்றுமே பெரிதாகப் பட்டதில்லை என இறுதிச் சந்திப்பில் சொன்ன சக்கின் கொடுமையையும் தொடர் மறைக்கவில்லை. ‘கொன்றேன்’ என்னும் வினையைப் பெயர்ப்பில் சேர்ப்பது உணர்ச்சியைக் கூட்டலாம்; பொறுப்பின் அளவைப் பொய்யாக்கிவிடும்.

5. முடிவுரை

அறப்பொறுப்பைப் பேசும் படைப்பில் கலைச்சொல்லுக்கு நிகரன் காண்பதோடு பெயர்ப்பாளர் பணி முடிவதில்லை. எந்தச் சொல் எவ்விடத்தில் சட்டத்தை விட்டு நீங்குகிறது என்பதை அவர் முதலில் கண்டறிதல் வேண்டும். அவ்விடத்தைத் தவறவிட்ட பெயர்ப்பில், தண்டனை பெற்ற வழக்கறிஞர் ஒருவரின் கதை எஞ்சும். அண்ணனுக்குத் தம்பி இழைத்ததைத் தானே பெயரிட்டு ஏற்ற செய்தி எஞ்சாது.