சரத்தின் நீளமும் எழுத்தின் அளவும்

கணினி நிரல்மொழிகளில் எழுத்துக் கோவையைச் ‘சரம்’ என வழங்குவர். சரத்தை அளத்தல், அறுத்தல், ஒட்டுதல், திருப்புதல் ஆகிய தொழில்கள் இந்நாளில் தமிழாய்வினுள்ளும் புகுந்துவிட்டன. சொல்லடைவு தொகுப்பாரும் யாப்பு ஆய்வாரும் பைத்தான் முதலிய மொழிகளின் துணைகொண்டு எழுத்தெண்ணி முடிவு கூறுகின்றனர். அவ்வாறு எண்ணப்பெறுவது யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானின் மூன்றாம் பதிப்பில் வினவினால் 5 என விடை வரும். பள்ளிச் சிறுவனும் 3 என்பான். ஒருங்குறி முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றற்கும் தனிக் குறியெண் இன்மையே இம்மாறுபாட்டிற்குக் காரணம். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி எனக் குறியெண் 5. அவற்றையே அம்மொழி எண்ணுகின்றது. த், அ, ம், இ, ழ் என்னும் ஒலிப்பகுப்பும் 5 ஆதலின் இரண்டும் ஒன்றே என மயங்கற்க. ‘கடல்’ என்னுஞ் சொல்லில் எழுத்து 3, ஒலி 5. கணினி கூறுவதோ 4. எழுத்துமன்று, ஒலியுமன்று, மூன்றாவதொன்றே அளக்கப்பெறுகின்றது.

இதுகொண்டு ஒருங்குறி தமிழிலக்கணத்துக்கு முற்றும் மாறானது என்பாரும் உளர். மெய் முன்னும் உயிர் பின்னுமாக இயைவது உயிர்மெய்யாதலின், அகரமேறிய வடிவை அடியாக வைத்துப் புள்ளியைப் பின்னொட்டாக்கல் தலைகீழ் என்பது அவர் கருத்து. ஒலிநிலையில் அது பொருந்தும். ஆயின் தொல்காப்பியர் நூன்மரபில் வரிவடிவு கூறுமிடத்து, மெய் புள்ளி பெற்று நிற்கும் என்றும், புள்ளி நீங்கிய வடிவே அகரத்தோடு ஒலிக்கும் என்றும், ஏனை உயிர் ஏறுங்கால் வடிவு திரியும் என்றும் வகுத்துள்ளார். ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி இஸ்கி என்னும் இந்தியக் குறிமுறையை அடியொற்றியது; தொல்காப்பியத்தை நோக்கி அமைந்ததன்று. எனினும் அது நின்றது இவ்வரிவடிவ நெறியிலேயே. ஆகவே குறை குறிமுறையின்பாற்பட்டதன்று. குறியெண்ணை எழுத்தெனக் கொள்ளும் செயற்கூறுகளின்பாற்பட்டது என்பதே நம் துணிபு.

சரங்களை ஒட்டுதலை நோக்குக. ‘கடல்’, ‘அலை’ என்னும் இரண்டனையும் கூட்டினால் கணினி ‘கடல்அலை’ எனத் தரும், குறியெண் 7. ‘கடலலை’ என்பதற்கோ குறியெண் 5. புள்ளி ஒன்றும் அகரம் ஒன்றும் கெட்டன. புதிதாக யாதும் தோன்றவில்லை. மேற்கூறிய நூன்மரபு விதியே ஈண்டு நிரலாகி நிற்கின்றது. ‘கடல்’ என்பதனோடு ‘இல்’ சேருங்கால் புள்ளி கெட்டு இகரக் குறி தோன்றும். புணரியலைக் கல்லாதார் சரத்தை ஒட்டலாம். சொல்லைப் புணர்த்தல் இயலாது.

திருப்புதலில் இடர் இன்னும் வெளிப்படை. ‘விகடகவி’ இருபுறமும் ஒத்து நடப்பதனை யாவரும் அறிவர். அதனைப் பைத்தானிற் குறியெண் முறையால் திருப்பினால், ஓர் இகரக் குறி தாங்க மெய்யின்றி முதற்கண் நிற்கும். மற்றோர் இகரக் குறி ககரத்தின்மேல் ஏறிக் ‘கி’ ஆகும். இவ்வளவைகொண்டு சோதிப்பின் திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகமும் மாலைமாற்று அன்று எனத் தள்ளுண்ணும். ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல்தொகுப்பைக் கொண்டு முதலில் எழுத்துவாரியாகப் பிரித்துப் பின் திருப்புதலே முறை. ஸ்விஃப்ட் மொழி ‘தமிழ்’ என்பதை இயல்பாகவே 3 என எண்ணும். அது நன்றே, எனினும் ஒலிப்பகுப்பு வேண்டுவார்க்கு அதுவும் போதாது.

யாப்பிற்கு வேண்டுவது பிறிதோர் அளவு. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசை முதலாகிய அடிக்கு 16 எழுத்தும் நிரையசை முதலாகிய அடிக்கு 17 எழுத்தும் வருதல் மரபு. வியப்பென்னவெனில், இதற்குக் குறியெண் முறையே எளிது. இடைவெளியும் நிறுத்தற்குறியும் நீக்கிய தொகையினின்று உயிர்க்குறிக்கும் ஆய்தத்திற்கும் ஒவ்வொன்றும், புள்ளிக்கு இரண்டும் கழிக்க, எஞ்சுவதே யாப்பெழுத்து. ‘தமிழ்’ என்பதில் 5இனின்று 3 போக 2 நிற்கும்.

இவற்றினும் கேடு மிக்கது, கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். அச்சில் இரண்டும் ஒன்றே. சரமாக ஒப்பிடின் வேறு. இதனை ஒருங்குறியின் இயல்பாக்க முறை தீர்க்கும். ஔகாரத்தின் நிலை அத்தகையதன்று. ‘கௌவை’ என்பதைக் கொம்பும் ளகரமுமாகக் ‘கெளவை’ எனத் தட்டச்சுச் செய்வோர் உளர். இயல்பாக்கம் இதனைத் தொடாது. அத்தகைய பதிப்பில் ‘கௌவை’யைத் தேடி, ‘இந்நூலில் இச்சொல் இல்லை’ என ஆய்வேட்டில் எழுதின், அம்முடிபு நூலைப் பற்றியதாகாது. சுவடியில் எகர ஏகார மயக்கத்தைத் தெளிய அரிதின் முயன்ற பதிப்பாசிரியர் மரபில் வந்த நாம், புதிய ஏட்டின் மயக்கத்தையும் அவ்வாறே தெளிதல் வேண்டும். கொம்பையும் ளகரத்தையும் கண்டவிடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடுதலும் ஆகாது. அவ்வாறு செய்யின் வெள்ளமும் வெளிச்சமும் சிதையும். ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வருமாயின் விலக்கி, ஏனையவற்றை ஒவ்வொன்றாகப் படித்தே திருத்துதல் வேண்டும்.