யூதர் இல்லம்: ஒரு கல்முகப்பைப் பார்க்கும் முறை

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள லிங்கன் நகரில், குன்றின் உச்சியில் நிற்கும் பேராலயத்தை நோக்கி ஏறும் பழைய தெருவின் கீழ்ப்பகுதியில், ‘யூதர் இல்லம்’ என வழங்கும் ஈரடுக்குக் கல்வீடு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இது, அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நகர வீடுகளுள் ஒன்றாகும். அக்காலத்துச் சாதாரண வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவையாதலால் அழிந்துபோக, செல்வர் ஒருவர் கல்லில் கட்டிய இவ்வீடு நிலைத்தது.

இதனைக் காண வருவோரின் பார்வை, முதலில் தெருமட்டத்திலுள்ள கடைச் சன்னல்களில்தான் விழும். ஆனால் அவை பிற்காலத்தில் வெட்டித் திறக்கப்பட்டவை என்பதால், பார்வையை மேல்தளத்திலிருந்து தொடங்குவதே நல்லது. பழைய கல்வேலை மிகுதியாக எஞ்சியிருப்பது அங்கேதான். ஒரு பெரிய வளைவுக்குள் இரு சிறிய வளைவுகள் அடங்கிய இரட்டைச் சன்னல்களின் எச்சங்களையும் அங்கே காணலாம். வளைவுகள் கூர்நுனியின்றி அரைவட்டமாக இருப்பது, 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியரின் கட்டடப் பாணிக்கு உரிய அடையாளமாகும். கீழ்த்தளம் பண்டங்களை வைக்கவும் பணிகளுக்கும் பயன்பட்டிருக்க, வீட்டாரின் கூடம் மேலே அமைந்திருந்தது. எனவேதான் அழகிய சன்னல்கள் மேல்தளத்திற்கே வாய்த்தன.

அடுத்து நோக்க வேண்டியது, செதுக்கு வேலைப்பாடுடைய வாயில் வளைவு. அதன் மேல் சுவரிலிருந்து சற்றே முன்தள்ளி நிற்கும் கற்பகுதி அலங்காரத்திற்காக வைக்கப்பட்டதன்று. மேற்கூடத்துக் கணப்பின் புகைபோக்கியை அவ்வளைவு தாங்குகிறது. வருவோரை வரவேற்கும் வாயிலே வீட்டின் அடுப்புச் சுமையையும் ஏற்றுக்கொள்ளும் இந்தச் சிக்கனமான அமைப்பை உணரும்போது, கொத்தரின் திறன் புலப்படும்.

வீட்டின் பெயரும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியாகும். இடைக்கால லிங்கனில் யூதச் சமூகம் செழித்திருந்தது. பெலசெட் என்னும் யூதப் பெண்மணிக்கு இவ்வீடு உரிமையாயிருந்ததென மரபு கூறுகிறது. 1255இல் இந்நகரில் ஹியூ என்ற சிறுவன் இறந்து கிடக்க, யூதர்கள்மீது பொய்யான கொலைப்பழி சுமத்தப்பட்டு, மூன்றாம் ஹென்றி மன்னரின் ஆணையால் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1290இல் முதலாம் எட்வர்டு மன்னர் யூதர் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார். மக்கள் போன பின்னும் வீட்டில் குடியிருப்பு தொடர்ந்தது. கீழ்த்தளத்தின் மாற்றங்கள் அத்தொடர்ச்சியின் விளைவே.

முகப்பைப் பார்த்து முடித்தவர்கள் அதே தெருவில் மேலேறிப் பேராலயம்வரை செல்வது பயனுள்ளது. அதன் மேற்கு முகப்பில் எஞ்சியுள்ள அரைவட்ட வளைவுகளையும், 1192க்குப் பின் எழுந்த பகுதிகளின் கூர்வளைவுகளையும் ஒப்பிட்டால், வீட்டின் காலம் கண்ணுக்கே தெளிவாகும். உள்ளே, சிறுவன் ஹியூவின் நினைவிட எச்சத்தருகே, அந்தக் கொலைப்பழி பொய்யானது என ஏற்று 1955இல் வைக்கப்பட்ட அறிவிப்புப் பலகை இருக்கிறது. கீழே வீட்டின் பெயரில் மட்டும் தங்கிவிட்ட மக்களின் கதை, அங்கே எழுத்தில் நிற்கிறது.