மேற்குச் சுவருக்கு ஒரு வைக்கோல் பூச்சு

மண் வீடு குளிர்ச்சி என்பது பாதி உண்மை. புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கத்துச் செம்மண் சுவர் வெப்பத்தைத் தடுப்பதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே விடுகிறது. ஓரடித் தடிமனுக்கு இந்தத் தாமதம் எட்டுப் பத்து மணி நேரம். நண்பகலில் ஏறிய சூடு, படுக்கப் போகும்போது அறைக்குள் இறங்கும். சித்திரைப் புழுக்கத்தில் கட்டில் வாசலுக்குப் போவது சும்மா அல்ல.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது, வைக்கோலை நிறையவும் களிமண் கரைசலைக் குறைவாகவும் கலந்து போடும் லேசான பூச்சு. வைக்கோலுக்குள் சிக்கிய காற்றுதான் அங்கே வேலை செய்கிறது. இரண்டு அங்குலம் போட்டால் ஓரடிச் சுவரின் வெப்பத்தடை ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் வெளிப்பக்கம் போட வேண்டும். உள்ளே பூசினால் சுவரின் கனம் அறைக்குப் பயன்படாமல் போய்விடும். மண் சுவர் வைத்ததே வீண்.

வெளியே போட்டால் ஐப்பசி மழை காத்திருக்கிறது. நனைந்த வைக்கோல் மக்கும், கரையானும் விடாது. தென்னைநார்த் துகள் மலிவாயிற்றே என்று கலக்கத் தோன்றும்; அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம், காப்பதாக நினைத்து மேலே சிமென்ட் பூசுவது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மண் இளகி, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். திருமயம் வட்டத்து ராயவரம், கடியாபட்டியின் நகரத்தார் வீடுகள் அந்தக் கைவேலைக்குச் சாட்சி. ஆனால் அவை செல்வர் வீடுகள். குடிசைக்காரர் கூலி கொடுத்துச் செய்துகொள்கிற வேலையா அது?

இன்னொன்று, இங்கே சுவர் முதல் எதிரியே இல்லை. பத்தரை டிகிரி அட்சரேகையில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அடி வாங்குவது கூரை. கீற்றை எடுத்துத் தகரம் போட்ட வீட்டில் சுவருக்கு வைக்கோல் பூசுவது வீண் செலவு. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்டவர்கள் அந்த உறுதியை விரும்புவதில் தவறில்லை. வெயிலுக்கு மட்டும் அது பதில் ஆகாது.

ஆகவே வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் கூரை, பிறகு மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவர். அந்தச் சுவருக்கும் நீண்ட தாழ்வாரமோ கீற்றுப் பந்தலோ போதும், பூச்சைவிட மலிவு. பந்தல் போட இடமில்லாமல் தெருவை ஒட்டி நிற்கும் வீட்டுக்குத்தான் வைக்கோல் பூச்சு, அதுவும் சுண்ணாம்பு மேற்பூச்சோடு.