கணக்குக் கேட்கத் தெரிந்தவர்

விருதுநகர்த் தேநீர்க் கடையிலே, சிவகாசி அச்சகத்தின் உணவு வேளையிலே, சாத்தூர்ப் பேருந்தின் பின்னிருக்கையிலே தீர்ப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்த ஆட்டக்காரர் தொலைந்தார்! அந்தப் பாட்டு தேறாது! நடிகையின் திருமணம் ஆண்டொன்று தாங்காது! படம் ஓடும், இல்லை, ஓடாது! நான்கு துறைகள், நான்கு தீர்ப்புகள். நான்கும் ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள்!

கற்றோர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கின்றனர். நாம் சுளிக்கவில்லை. கருத்துரைக்கும் உரிமை பட்டம் பெற்றவருக்குப் பட்டயம் போட்டுக் கொடுத்த சொத்தன்று. பாட்டைக் கேட்டவன் பாட்டைப் பற்றிப் பேசட்டும். படத்தைப் பார்த்தவன் படத்தைப் பற்றிப் பேசட்டும். புலவர் அவையிலே புக முடியாத குரல் தேநீர்க் கடையிலாவது ஒலிக்கட்டும். நடிகையின் திருமணத்தை மட்டும் அவர் வீட்டாரிடமே விட்டுவிடலாம். அது கலையுமன்று, நம் கவலையுமன்று. மற்ற மூன்றையும் பேசத்தான் வேண்டும். நம் வழக்கு, பேசுவது எப்படி என்பது பற்றி.

ஆடுகளத்திலே நம் ரசிகர் அறிவாளி. ஐயமில்லை! 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்திலே சென்னை அணி, பெங்களூர் அணியிடம் 50 ஓட்டங்களில் தோற்றது. 197 எடுக்க வேண்டிய ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக வந்தார். 16 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டமோ அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. அடித்த அடிக்குக் கைதட்டியதோடு ரசிகர் நின்றுவிட்டாரா? இல்லை. "இவ்வளவு அடிக்கத் தெரிந்தவர் ஒன்பதாவதாக ஏன் வர வேண்டும்?" என்று கேட்டார். கேட்டவர் மாற்று அணியினர் மட்டுமல்லர். மஞ்சள் சட்டை அணிந்தவரே கேட்டார். எந்தப் பெயரைச் சொன்னால் அரங்கமே அதிருமோ, அந்தப் பெயருக்குரியவரிடமே கணக்குக் கேட்டார். அவ்வாண்டு அந்த அணி முதல் முறையாகப் பட்டியலின் அடியிலே கிடந்தபோது, எவர் சரியாக ஆடவில்லை, எவரை ஏலத்தில் எடுத்தது பிழை என்று விரல் மடக்கிச் சொன்னார். அன்பு இருந்தது, அறிவும் இருந்தது. ஒன்று மற்றொன்றின் கழுத்தை நெரிக்கவில்லை.

அதே தோழர் திரையரங்கின் வாயிலை மிதித்ததும் என்ன ஆகிறார்? கற்சிலைக்குப் பால் ஏன் என்று மேடையிலே கேட்டவர், அட்டைச் சிலைக்குக் குடம் குடமாய்ப் பால் ஊற்றுகிறார்! படம் எப்படி என்று கேட்டால், முதல் நாள் வசூல் இத்தனை கோடி என்கிறார். ஐயா, பங்காதாயம் வருகிறதோ உமக்கு? முதல் போடாத முதலாளியாக, பங்கு இல்லாத பங்குதாரராகப் பேசுகிறீரே! 1952-இல் 'பராசக்தி' வந்தபோது தடை செய்க என்றாரும் இருந்தனர், தடை கூடாது என்றாரும் இருந்தனர். இரு சாராரும் அந்தப் படம் என்ன சொல்லிற்று என்பது குறித்தே பொருதினர். இன்றைய போரோ, எவர் படம் எவர் படத்தை வசூலில் வீழ்த்தியது என்பது குறித்து.

2023 சனவரி 11. சென்னையிலே ஒரு நள்ளிரவுக் காட்சி. வந்தது நாயகனின் படம் என்ற களிப்பிலே, நகரும் லாரியின் மேலேறி ஆடிய பத்தொன்பது வயது இளைஞர் குதித்தபோது அடிபட்டு மாண்டார். அவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. நன்றா, தீதா என்று சொல்லும் வாய்ப்பே அவருக்குக் கிட்டவில்லை.

இத்தகைய இரவுகளில் அரங்கின் முன்னே வெடிக்கும் வெடி எந்த ஊர் வெடி? நம்மூர் வெடி! அலுமினியத் தூள் படிந்து வெள்ளி பூசினாற்போலிருக்கும் கைகள் அடைத்த வெடி. வெடிப்பெட்டியின் மேல் சிரிக்கும் நட்சத்திரத்தின் முகமும் நம்மூர் அச்சகத்தில் அச்சானதே. தீப்பெட்டிக்கு ஒட்டும் சீட்டிலே தொடங்கி, நாட்காட்டியும் சுவரொட்டியுமாக நாடெங்கும் முகங்களை அனுப்பிய ஊரன்றோ சிவகாசி! அச்சடித்தவர் முகத்தை எவர் அச்சிட்டார்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, சில நாள் நாளேடுகள் அச்சிட்டன. அவ்வளவே.

திரை என்ன செய்தது? 2005 தீபாவளிக்கு விஜய் நடித்து, பேரரசு இயக்கி, 'சிவகாசி' என்றே ஒரு படம் வந்தது. ஊர்ப் பெயரைப் படப் பெயராக்குவதிலே அந்த இயக்குநருக்குத் தனி நாட்டம். நாயகனுக்கும் அதே பெயர். வெடிபோல் வெடிப்பான் என்பது குறிப்பு. வெடி செய்வோர் வாழ்வு அந்தப் படத்தின் பொருளன்று. பெயரை எடுத்துக்கொண்டார்கள், ஊரை விட்டுவிட்டார்கள். இவ்வட்டாரத்து ரசிகர் ஒருவராவது, "எங்கள் பெயர் எதற்கு?" என்று கேட்டிருக்க வேண்டாமா? ஒன்பதாவதாக ஏன் வந்தாய் என்று கேட்டவருக்கு இது கேட்க முடியாத கேள்வியா?

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னே, 1990-இல், சலம் பென்னூர்கர் என்பார் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலிலே குழந்தைகள் உழைத்த காலத்தின் படம் அது. விடியுமுன் ஊர் ஊராய் வந்த பேருந்துகள் சிறுவர் சிறுமியரை அள்ளிச் சென்ற காலம். நம் தாய்மார் பலருக்கு அது படமன்று, பால பருவம். ஆயினும் 'சிவகாசி'யின் வசனத்தை ஒப்பிக்கும் தோழர்களிடம் இந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் விழிக்கின்றனர்.

'வெயில்' (2006) நிலை அவ்வளவு மோசமன்று. பலர் பார்த்திருக்கின்றனர், தேசிய விருதும் பெற்றது. விருதுநகர் மண்ணிலே பிறந்த வசந்தபாலன், இம்மண்ணின் வெயிலையே எடுத்துக் காட்டிய படம். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கிறான் சிறுவன் முருகேசன். தந்தை கண்டுவிடுகிறார், உடையைக் களைந்து, ஊர் பார்க்க, கொதிக்கும் வெயிலிலே கிடத்துகிறார். அவமானம் தாங்காமல் ஓடிப்போகும் பையனுக்குத் திரையரங்கே வீடாகிறது; படம் ஓட்டும் எந்திரத்தின் பக்கத்திலேயே வளர்கிறான். அவன் நேசித்த பெண் சாகிறாள். அரங்கும் இடிபடுகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்பும் அவனை வீடு ஏற்கத் தயங்குகிறது. ரசிகனையே நாயகனாக்கிய கதை இது! அவனை ஏளனமும் செய்யவில்லை, ஏற்றிப் போற்றவும் இல்லை. திரையின் ஒளி அவனுக்கு நிழலும் தந்தது, அவன் வாழ்வையும் தின்றது என்று காட்டுகிறது. பசுபதி, தோற்றவனின் தோள் எப்படித் தொங்கும் என்பதை நடையாலேயே சொல்கிறார். ஜி.வி. பிரகாஷ்குமாரின் முதல் படம், பாட்டெழுதியவர் நா. முத்துக்குமார். மெட்டைச் சீட்டியடிக்கும் தோழர், சொல்லையும் ஒருமுறை காதிலே வாங்கட்டும்.

குறையில்லையா? உண்டு. தம்பியின் விளம்பரத் தொழிலில் மூளும் பகை, அரிவாள், துரத்தல் என்று பின்பாதி வழக்கமான தடத்திலே சரிகிறது. தம்பிக்காக அண்ணன் உயிர் விடும் முடிவு, அவன் பட்ட நெடுந்துயருக்கு எளிதாய்க் கிடைத்த விடை. வாழ விட்டிருந்தால் அவன் எங்கே போவான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்திலிருந்து கதை தப்பித்துக்கொண்டது. இப்படி நாம் சொல்வதை மறுப்போர் இருக்கலாம். மறுக்கட்டும், காட்சியைக் காட்டி மறுக்கட்டும், வசூலைக் காட்டி வேண்டாம்!

'வெயில்' படத்தையும் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' படத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துத் திரையிட, சிவகாசியிலோ சாத்தூரிலோ ஒரு படிப்பகமும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், அந்த மஞ்சள் சட்டைத் தோழரை முதலில் பேச அழைப்போம்.