மெல்லிய துணியும் கேஸ் ஷீட்டும்

1811 செப்டம்பர் 30 அன்று, பாரிஸில் வசித்துவந்த ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னியின் அறைக்குள் கறுப்பு உடையணிந்த ஏழு ஆண்கள் நுழைந்தார்கள். மருத்துவர்களும் அவர்களுடைய உதவியாளர்களும். நெப்போலியனின் படை மருத்துவர் லாரி அவர்களில் ஒருவர். பேரரசியின் பிரசவத்தைப் பார்த்த தூபுவா இன்னொருவர். பர்னிக்கு அப்போது 59 வயது, வலது முலையில் கட்டி. மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. உடனிருந்த பெண்களை வெளியே அனுப்பச் சொன்னபோது பர்னி தடுத்தார். ஒருத்தி மட்டும் தங்கினாள். பிறகு அவர் முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள்.

அந்தத் துணி கண்ணை மறைக்கவில்லை. அதன் வழியே அவர் பார்த்தார். மருத்துவர்கள் வாய்திறந்து பேசிக்கொள்ளவில்லை. ஒருவருடைய விரல் காற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தது, குறுக்கே இன்னொன்று, அப்புறம் ஒரு வட்டம். முலை முழுவதையும் எடுக்கப்போகிறார்கள் என்பதை அந்தச் சைகையிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டார். துணியை எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

மறுவருடம் தன் சகோதரி எஸ்தருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார் பர்னி. அதற்குப் பிறகு 1840 வரை வாழ்ந்தார். முதுகலை மாணவிகளுக்கு உடலும் எழுத்தும் பற்றிப் பாடம் நடத்தும்போது இந்தக் கடிதத்தைச் சொல்வேன். கத்தி இறங்கும் பகுதி அவர்களை உலுக்கும். எனக்கு அந்த விரல்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிப் பலர் கூடி முடிவெடுக்கிறார்கள். அவள் அந்த இடத்திலேயே இருக்கிறாள். ஆனால் அவளுக்குப் புரியாத மொழியில் முடிவு நடக்கிறது.

இன்றைக்குப் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இப்படிப் பலர் கூடி முடிவெடுக்கும் இடத்துக்கு 'ட்யூமர் போர்டு' என்று பெயர். வாரத்துக்கு ஒருமுறையோ அதற்கு மேலோ கூடுகிறது. அறுவை மருத்துவர், கீமோ மருந்து கொடுப்பவர், கதிர்வீச்சு மருத்துவர், ஸ்கேன் படிப்பவர், திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். திரையில் மேமோகிராம் வரும், பயாப்ஸி முடிவு வரும், ஹார்மோன் ஏற்பிகள் உண்டா, ஹெர் 2 உண்டா என்று வரும். முதலில் அறுவையா, முதலில் கீமோவா? முலையைக் காப்பாற்ற முடியுமா? அக்குளில் எத்தனை கணுக்களை எடுப்பது? இவற்றையெல்லாம் அங்கே பேசித் தீர்மானிக்கிறார்கள். வரிசை மாறினால் வாய்ப்பும் மாறிவிடும். கட்டி பெரிதாக இருக்கும்போது கீமோவை முதலில் கொடுத்துச் சுருக்கினால், முலை முழுவதையும் எடுக்கவேண்டிய தேவை சிலருக்கு இல்லாமல் போகலாம். அவசரப்பட்டுக் கத்தியை எடுத்துவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். தனியாக ஒரு மருத்துவர் முடிவெடுக்காமல் நான்கு பேர் பார்ப்பதன் பயன் இதுதான்.

மேசையைச் சுற்றி இத்தனை நாற்காலிகள் வந்த கதையில் பெண்களுக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு முறையை நிலைநிறுத்தினார். முலை, அதனடியில் உள்ள தசைகள், அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடும் முறை அது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்கு அதுவே வேதமாக இருந்தது. அமெரிக்காவில் நடைமுறை எப்படியிருந்தது என்றால், கட்டியோடு வந்த பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியின் ஒரு துண்டை உறையவைத்துச் சோதிப்பார்கள். புற்று என்றால் அதே மயக்கத்தில் முலையை எடுத்துவிடுவார்கள். கண் விழித்த பிறகு கையால் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். பர்னிக்காவது மெல்லிய துணி வாய்த்தது.

1974இல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதை ஏற்க மறுத்தார். பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், முடிவைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு நான் தீர்மானிக்கிறேன் என்றார். அதற்கு ஒத்துக்கொள்ளும் மருத்துவரைக் கண்டுபிடிக்கப் பலரைக் கேட்கவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் மருத்துவர் அல்லாத உறுப்பினராக உட்கார்ந்தார். சோதனையையும் அறுவையையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இரண்டுக்கும் நடுவே சில நாட்கள் பிறந்தன. அந்தச் சில நாட்கள் இல்லையென்றால் ட்யூமர் போர்டு எப்போது கூடும்? மயக்கத்தில் கிடக்கும் உடலுக்குப் பக்கத்தில் ஆலோசனைக் கூட்டம் நடத்த முடியாது.

இன்னொன்று ஆய்விலிருந்து வந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பெண்கள் அதே அளவு உயிர் வாழ்கிறார்கள் என்று இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1980களில் நிறுவினார்கள். முலை முழுவதையும் எடுத்தபோது அறுவை மருத்துவர் ஒருவரே சிகிச்சையைத் தொடங்கி முடித்துவிட்டார். முலை மிஞ்சியபோது அவருக்குக் கதிர்வீச்சு மருத்துவர் தேவைப்பட்டார். வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமிருக்கிறதா என்று சொல்ல பேத்தாலஜிஸ்ட் தேவைப்பட்டார். காப்பாற்றப்பட்ட முலை ஒற்றை ஆணின் அதிகாரத்தை உடைத்தது என்று சொன்னால் கவிதையாகத் தெரியலாம். வரலாறும் அப்படித்தான் இருக்கிறது.

பலன் எண்களிலும் தெரிகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1995இல் பல்துறைக் குழு முறையைக் கொண்டுவந்தார்கள். 13,722 பெண்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. அதுவரை கிளாஸ்கோவில் மார்பகப் புற்றுநோய் மரணம் அக்கம்பக்கத்துப் பகுதிகளைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது. குழு முறை வந்தபின் 18 சதவீதம் குறைவாக ஆகியிருக்கிறது. எனவே மருத்துவர்கள் கூடிப் பேசுவதை நான் குறை சொல்லப்போவதில்லை. யாருக்காவது கட்டி என்று தெரிந்தால், இப்படிக் கூடிப் பேசும் இடத்துக்குத்தான் போகச் சொல்வேன்.

என் கேள்வி அந்த அறைக்குள் போகும் பிரதியைப் பற்றியது. அறைக்குள் பெண் போவதில்லை. அவளுக்குப் பதிலாக ஒரு பத்தி போகிறது. பெரும்பாலும் ஒரு இளம் மருத்துவர், முந்தைய இரவு, கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதியது. மூத்தவர்கள் அதைக் கேட்டுத்தான் பேசுகிறார்கள். பத்தியில் இல்லாதது அறையில் இல்லை. இலக்கிய விமர்சனத்தில் பழகிய எனக்கு இது தெரிந்த சங்கதிதான். யார் சொல்கிறார்கள், எதை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்பதைப் பார்ப்பதுதானே எங்கள் பிழைப்பு.

என் சித்திக்கு நோய் வந்தபோது நான்தான் அட்டெண்டர். அவருடைய தாளைக் கையில் வாங்கிப் படித்தேன். "56/எஃப்" என்று தொடங்கியது. மாதவிலக்கு நின்ற ஆண்டு, பிள்ளைகள் எத்தனை, சர்க்கரை உண்டு, கட்டியின் அளவு, எந்த மணி திசையில் இருக்கிறது என்பதுவரை எல்லாம் சரியாக இருந்தது. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி. சித்தி இருபத்திரண்டு வருடமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர். பிளவுஸ் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். கட்டி வலது பக்கம். அக்குள் கணுக்களை எடுத்தால் சிலருக்குக் கை வீங்கிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க இருக்கும் வீக்கம் அது. துணி வெட்டும் கை எது என்று தாளில் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சித்திக்குக் கணுக்களில் நோய் இறங்கியிருந்தது. அவர் தையல்காரர் என்று தெரிந்திருந்தாலும் அந்த அறை கணுக்களை எடுக்கத்தான் சொல்லியிருக்கும், சொல்லவும் வேண்டும். ஆனால் பிசியோதெரபிஸ்ட்டை அறுவைக்கு முன்பே அழைத்திருப்பார்கள். எத்தனை மாதம் மெஷினில் உட்கார முடியாது, அதுவரை வீட்டு வாடகைக்கு என்ன வழி என்று ஒருவராவது கேட்டிருப்பார்கள். வீக்கம் வந்த பிறகு, எட்டாவது மாதம், எங்களுக்கு அந்தச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

முடிவைச் சொல்லும்போதும் "அம்மாவை வெளிய உக்காரச் சொல்லுங்க, கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" என்றுதான் ஆரம்பித்தார் மருத்துவர். சொன்னவர் ஒரு பெண். ஆகவே இதைப் பெண் மருத்துவர்கள் போதாத குறை என்று சுருக்கிவிட முடியாது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த வி. சாந்தா 2021இல் மறையும்வரை அதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தார். புற்றுநோய் மருத்துவத்தில் பெண் தலைமையை இப்படிப் பார்த்த ஊர் நம்முடையது. தாளில் இருக்கும் கட்டங்களை யார் வரைந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பிரிட்டனில் இந்தக் கூட்டங்களையே உட்கார்ந்து கவனித்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2017இல் அங்குள்ள ஒரு புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு நோயாளியைப் பற்றிப் பேசச் சராசரியாக 3.2 நிமிடம் செலவாகிறது. பாதிக்கு மேற்பட்டோருக்கு 2 நிமிடம்கூட இல்லை. அங்கே குழுவில் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியருக்கும் இடம் உண்டு. அந்தப் பெண்ணோடு பேசி, அவள் வீட்டையும் விருப்பத்தையும் தெரிந்துவைத்திருப்பவர் அவர். ஆனால் கூட்டத்தில் குறைவாகப் பேசுகிறவரும் அவரே என்கின்றன ஆய்வுகள். ஸ்கேனைப் பற்றிய பேச்சு நேரத்தை விழுங்கிவிடுகிறது.

செவிலியர் என்றாலே பெண் பக்கம் நிற்பார் என்று நம்பவும் நான் தயாராக இல்லை. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் ஒரு முலையை இழந்தார். செயற்கை முலை வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளர்ந்துவிடும் என்று அங்கிருந்த செவிலியர்தான் சொன்னார். 1980இல் வந்த அவருடைய புற்றுநோய்க் குறிப்புகள் நூலில் அந்தக் கோபம் ஆறாமல் இருக்கிறது. பேச வேண்டியது உன் வேலை, பேசாவிட்டால் கேள்வி வரும் என்று அமைப்பே செவிலியரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், சொல். இந்தக் கட்டுரையில் நான் முலை என்று எழுதுவது சிலருக்கு உறுத்தியிருக்கும். 2002இல் குட்டி ரேவதி அந்தச் சொல்லைத் தன் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தபோது தமிழ் இலக்கிய உலகம் போட்ட கூச்சல் மாணவிகளுக்கும் தெரியும். மருத்துவமனைப் பலகை மார்பகம் என்கிறது. பெண்கள் "நெஞ்சுல ஒரு கட்டி" என்கிறார்கள். உறுப்பின் பெயரையே சொல்ல விடாத மொழியில் வளர்ந்தவள், அதை வைத்துக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் எந்தச் சொல்லால் பதில் சொல்வாள்? "இந்த வயசுல எதுக்கு, எடுத்துருங்க" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதுதான் அவள் விருப்பமாகத் தாளில் ஏறுகிறது.

விருப்பம் வெறும் அழகு சார்ந்த விஷயமும் இல்லை. முலையைக் காப்பாற்றினால் கதிர்வீச்சு வேண்டும். முன்பு ஐந்து வாரம், பிறகு மூன்று வாரம், வார நாட்களில் தினமும். மெஷின் இருக்கும் நகரத்தில் தங்க இடமில்லாதவள், ஆட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவள், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவாள். ஒரே வாரத்தில் ஐந்து முறை கொடுத்தாலும் ஈடாகவே இருக்கிறது என்று 2020இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அது இவளுக்குப் பொருந்துமா என்று கதிர்வீச்சு மருத்துவர் யோசிக்க வேண்டுமென்றால், அவள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறாள் என்பது பத்தியில் இருக்க வேண்டும். கீமோ தொடங்கும் முன் கருமுட்டையைச் சேமிப்பதும் அப்படித்தான். முப்பது வயதுப் பெண்ணிடம், கல்யாணமாகவில்லை என்ற ஒரே காரணத்தால் பிள்ளை பற்றிக் கேட்காமல் விட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

அப்படியானால் அவளையே அறைக்குள் உட்காரவைத்தால் என்ன என்று மாணவிகள் கேட்பார்கள். ஜெர்மனியில் சில மார்பகப் புற்றுநோய் மையங்கள் அப்படி அழைக்கின்றன. எனக்கு அதில் தயக்கம் உண்டு. மருத்துவர்கள் ஒருவரோடு ஒருவர் வெளிப்படையாகச் சண்டை போடுவதற்குத்தான் அந்த அறை. நோயுற்றவள் எதிரே இருந்தால் குரல் தணியும், சொல் மழுங்கும். மறுபடியும் விரலால் காற்றில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். அதைவிட எளிதான காரியம், பத்தி அறைக்குப் போகும் முன் அவளிடம் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவது. அறையில் கருத்து வேறுபாடு வந்திருந்தால், முடிவோடு சேர்த்து அதையும் அவளிடம் சொல்வது. "போர்டுல முடிவு பண்ணிட்டாங்க" என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் எதைச் சொன்னார்கள், வேறு வழி இருந்ததா என்று அதனிடம் கேட்க முடியாது.

நேரமில்லை என்பார்கள். சித்தியின் தாளை நான் வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒன்றரை நிமிடம். அவருக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்ல நான்கு நிமிடம் ஆனது. சர்க்கரைக்கு அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரிலும் ஒரு பிழை இருந்ததைச் சித்திதான் கண்டுபிடித்தார்.