பச்சை விளக்கின் கணக்கு

ராஸ்பெர்ரி பை பலகையில் லினக்ஸ் எழும்பாவிட்டால் திரை பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். துப்பு, ஓரத்தில் மினுக்கும் பச்சை எல்இடியில் இருக்கிறது.

4 முறை மினுக்கினால் தொடக்க ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை. 7 முறை என்றால் கெர்னலைக் காணோம். 8 முறை என்றால் ரேம் கோளாறு. பொறுமையாக எண்ணினால் பாதி வேலை முடிந்தது.

மீதிக்கு சீரியல் கன்சோல். கான்ஃபிக் கோப்பில் யூஆர்ட்டை இயக்கிவிட்டு, 6, 8, 10 ஆகிய பின்களில் மூன்று வயர்களைச் செருகி, மறுமுனையை யூஎஸ்பி வழியே லேப்டாப்பில் இணைத்து, வேகத்தை 115200 என்று வைக்கவேண்டும். கெர்னல் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக ஒப்பிக்கத் தொடங்கும். எந்த வரியில் மூச்சு நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

ரூட் பார்ட்டிஷனை ஏற்ற முடியவில்லை என்று புலம்பிவிட்டு நின்றால், கெர்னலுக்குக் கட்டளை சொல்லும் கோப்பைப் பார்க்கலாம். அதில் எல்லாமே ஒரே வரியில் இருந்தாகவேண்டும். நடுவே தெரியாமல் தட்டிய ஒரு என்டர் போதும், காரியம் கெட. அந்தக் கோப்பு ஃபேட் பகுதியில் இருப்பதால், மெமரி கார்டைக் கழற்றி எந்த விண்டோஸ் கணினியிலும் திருத்தலாம்.

சீரியல் கேபிள் வாங்கும்போது மட்டும் 3.3 வோல்ட்தானா என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் பலகையையே பழுதாக்கிவிடும்.