‘நீ யாரு, எந்த ஊரு?’: பாமாவின் பேயும் மடத்துப் பிசாசும்

பேயும் பிசாசும் ஒன்றல்ல. பேய் என்பது நம்ம தெருவில் அற்பாயுசில் செத்துப்போன ஆள். அதுக்குப் பேரு உண்டு, ஊரு உண்டு, செத்த கதை உண்டு. பிசாசு ஞானோபதேசத்தோடு வந்து சேர்ந்தது. பேரும் ஊரும் சாதியும் இல்லாத தீமை. அந்தத் தீமையின் பிடியிலிருந்து மீட்கப்படுவதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தின் உயிர். சாத்தானைத் துறப்பதாகச் சொல்ல வைத்த பிறகுதான் ஞானஸ்நானத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். பாமாவின் ‘கருக்கு’வை (1992) தலித் சாட்சியம் என்று மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். எந்தத் தீமை, யாருடைய பிடி என்று கேட்கிற இறையியல் வழக்கும் அதற்குள் நடக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டி இருக்கிறது புதுப்பட்டி. பாமாவுக்கும் அவர் அண்ணன் ராஜ் கௌதமனுக்கும் சொந்த ஊர். நிலம் நாயக்கமார் கையில். கோயிலும் பள்ளிக்கூடமும் சாமியார், சிஸ்டர்மார் கையில். ‘கருக்கு’வில் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பிசாசுக்குக் கொம்பும் வாலும் நீள நகமும் இருப்பதோடு கையில் ஒரு நோட்டும் இருக்கிறது. யார் என்ன பாவம் செய்தார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டே வரும். பண்ணையார் வீட்டுக் கணக்கு நோட்டு ஞாபகம் வராமல் இருக்குமா நமக்கு? கடனும் பாவமும் எப்போதும் நம்ம பக்கம்தான் ஏறுகின்றன.

அதே புத்தகத்தில் தேங்காய்த் திருட்டுப் பழி சுமத்தப்படுகிற கட்டத்தை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். தலைமையாசிரியர் திருடி என்கிறார். சாமியாரிடம் போனால், நீ சேரிக்காரிதானே, செய்திருப்பாய் என்கிற தோரணையில் அவரும் முடித்துவிடுகிறார். நோட்டில் எழுதுகிற கை யாருடையது என்று இந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. சுடுகாட்டுத் தகராறில் சாலியர்களுக்கு ஆதரவாக நின்று போலீஸ் பறத்தெருவை அடித்து நொறுக்கியதையும் பாமா எழுதுகிறார். தீமையிலிருந்து மீட்கும்படி தினமும் ஜெபிக்கிற ஊரில் நடந்தது இது. பாவத்தைத் தனியாளின் மனசுக்குள் பூட்டி வைக்கிற சொல்லாடலுக்கு லத்திக்கம்பு கண்ணில் படவே படாது.

‘சங்கதி’யில் (1994) பிசாசுக்குப் பதில் பேய் வருகிறது. இசக்கியின் கதை. சாதி மாறிச் சேர்ந்ததற்காகச் சொந்த அண்ணன்மாரே வெட்டிப்போட்ட கர்ப்பிணி, பேயாகிப் பெண்களைப் பிடிக்கிறாள். ஆக, விரட்டப்படுகிற தீமையே கொலையுண்டவள். கொன்றவர்களை யாரும் வேப்பிலையால் அடிப்பதில்லை. ஏன் இந்தப் பேய்கள் மேல்சாதிப் பெண்களை விட்டுவிட்டு நம்ம பொம்பளைகளையே பிடிக்கின்றன என்று கேட்கிறார் பாமா. தமிழ்ப் பெண்ணெழுத்தில் இது பெரிய கேள்வி. ஆனால் அவர் தருகிற பதில் எனக்குப் போதவில்லை. ஓயாத வேலை, அடி உதை, அதனால் சோர்ந்த மனசு என்பது வரை சரி. மனத்திடம் இருந்தால் பேய் அண்டாது என்று முடிக்கும்போது பழைய நோட்டு திரும்பவும் அவள் பேரிலேயே திறக்கப்படுகிறது. இசக்கி வைத்த குற்றச்சாட்டு என்ன ஆச்சு?

கோடாங்கி உடுக்கையை எடுத்ததும் முதலில் கேட்பது, நீ யாரு, எந்த ஊரு என்றுதான். மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசுவும் பேரைத்தான் கேட்கிறார். வந்த பதில் லேகியோன். அது ரோமானியப் படைப்பிரிவின் பேர். நாட்டைப் பிடித்திருந்த ராணுவமே ஒரு மனுசனுக்குள் உட்கார்ந்திருக்கிறது! அவன் தெளிந்ததும் ஊர்க்காரர்கள் சந்தோசப்படவில்லை. பன்றிகள் கடலில் விழுந்து செத்துவிட்டன, நீர் இங்கிருந்து போய்விடும் என்று இயேசுவையே கெஞ்சுகிறார்கள். (இரண்டாயிரம் பன்றி வச்சிருந்தவன் நம்மாளு இல்லை.) ஒருத்தனுடைய மீட்பு இன்னொருத்தனுக்கு நட்டம் என்பதை மறைக்காமல் சொல்கிற கதை அது.

ராஜபாளையத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் பார்த்தேன். பஞ்சு மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஒரு அக்கா மேடைக்கு முன்னால் தலைவிரித்து ஆடினாள். போதகர் மைக்கில் பிசாசை அதட்டினார், அவள் விழுந்தாள், அல்லேலூயா முழங்கியது. எழுந்தபோது அவள் முகத்தில் தெளிச்சி இருந்தது. அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை, அந்தக் கொஞ்ச நேரமாவது அவளைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். ஆனால் கோடாங்கி கேட்கிற அந்த ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்த மில்லு, எந்த மேஸ்திரி என்று வந்திருக்குமோ என்னவோ.

ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் (2002) இந்த வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போகிறது. 1950 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். படித்துவிட்டு வேலைக்கு அலைகிற சிலுவை கடைசியில் இந்துவாக மாறுகிறான். ஞானஸ்நானத்தில் சாத்தானைத் துறந்தவன் வேலைக்காக இயேசுவைத் துறக்க வேண்டியிருக்கிறது. சாதியோ இரண்டு தடவையும் அவனை விட்டுப் போகவில்லை. தங்கச்சி கோபப்பட்டு எழுதுகிற இடத்தில் அண்ணன் எகத்தாளம் பண்ணுகிறார். எனக்கு அந்தச் சிரிப்பை வாசிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.